ஆண்டியப்பன் செய்து வைக்கும் கல்யாணங்கள்

கையைக் கழுவாமல் ஆண்டியப்பன் யாருக்கும் கல்யாணம் செய்து வைப்பதில்லை. முதலில் தலையிலுள்ள கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவி, அது காயும் வரை இரண்டு கைகளையும் கும்பிடப் போகிறவர் மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். பார்வை மட்டும் சுவரில் தொங்கும் நாட்காட்டிக்குப் போகும். கந்தப்பளை பலசரக்குக் கடை ஒன்று தைப்பொங்கலுக்குக் கொடுத்தது. ராகு காலம் முடிந்திருந்தால் விளக்கைப் பற்ற வைப்பார். முடியவில்லை என்றால், "இன்னும் காயல மிஸ்" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். ஸ்பிரிட் காய்வதற்கு அவ்வளவு நேரம் ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து கிழங்குத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் சிறிய ஆராய்ச்சிக்கூடம் அது. உருளைக்கிழங்குச் செடிக்கு வரும் இலைக்கருகலை அங்கே ஆராய்கிறார்கள். மழையும் பனிமூட்டமும் விடாமல் பிடித்துக்கொண்டால், நேற்றுப் பச்சையாக நின்ற பாத்தி இன்று வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துச் சாய்ந்துவிடும். அந்தக் கருகலை உண்டாக்கும் கிருமி, பழைய சோற்றில் பூக்கும் பூஞ்சணம் மாதிரி இழை இழையாக வளர்வது. ஊர் முழுக்கச் சபிக்கிற அந்த ஜீவனுக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பதுதான் ஆண்டியப்பனின் உத்தியோகம். பட்டாணியை அவித்து, வடித்த சாற்றில், நோன்புக் காலத்தில் கடைகளில் விற்கிற கடற்பாசியைப் போட்டுக் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பார். அதன் மேல்தான் கிருமி வளரும்.

"பதம் முக்கியம் மிஸ். நாமளே எடுத்துத் திங்கலாம் போல இருந்தாத்தான் அதுவும் திங்கும்" என்பார்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் செய்யும் முதல் வேலை, லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசைக்கு முன்னாலிருக்கும் தன் சொந்தக் கிழங்குப் பாத்திக்கு மருந்தடிப்பது. பகலெல்லாம் ஊட்டி வளர்த்த அதே கிருமியைக் கொல்லும் மருந்து. இதில் அவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. "அது உத்தியோகம், இது வயிறு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது" என்று பம்பைத் தோளில் மாட்டிக்கொள்வார்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கிருமிக்குக் கல்யாணம் அவசியமே இல்லை. அச்சில் வார்த்த மாதிரி தன்னிலிருந்து தானாகவே பெருகி ஊரை அழிக்கும். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை மற்ற வகைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும், அதுவரை உள்ளே உறங்கிக்கொண்டிருந்த சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பிறகு கெட்டித் தோல் போர்த்திய உருண்டை வித்துகள் உண்டாகும். அவை செடியே இல்லாத மண்ணிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவற்றிலிருந்து வருகிற பிள்ளைகள் பெற்றவர்களைப் போலவும் இருக்காது, பழைய மருந்துக்கு அடங்கும் என்று சொல்லவும் முடியாது. அந்த மரபணுக்கள் எது முன்னால், எது பின்னால் எழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஹம்சினியின் ஆராய்ச்சி. நுவரெலியா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகப் பட்டத்துக்காக இங்கே வந்து, பிரீசர் பெட்டிக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவில் குடியிருக்கிறார்.

தட்டின் ஒரு ஓரத்தில் ஒன்றாம் வகையில் ஒரு துண்டு, எதிர் ஓரத்தில் இரண்டாம் வகையில் ஒரு துண்டு. வைத்து மூடி, இருட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டால், இரண்டும் மெல்ல வளர்ந்து நடுவில் வந்து சந்திக்கும். இந்தத் துண்டுகளை வைப்பதைத்தான் ஆண்டியப்பன் கல்யாணம் என்கிறார். ஒன்றாம் வகை மாப்பிள்ளை, இரண்டாம் வகை பொண்ணு.

"இதுல மாப்பிள்ள, பொண்ணுன்னு கெடையாதுண்ணே. ரெண்டுமே ரெண்டு மாதிரியும் நடக்கும்" என்று ஹம்சினி ஒருமுறை திருத்தப் பார்த்தார்.

"அது அவங்க குடும்ப விசயம் மிஸ். நாம சேத்து வைக்கிறதோட சரி" என்றார் ஆண்டியப்பன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரே வகையை இரு ஓரத்திலும் வைத்துச் சில தட்டுகள் செய்வதும் உண்டு. அவற்றில் ஒன்றுமே நடக்காது. இரண்டும் வளர்ந்து வந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். இதை ஆண்டியப்பனே தன் வாயால் பலரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய இன்னொரு தொழிலை அறிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த இன்னொரு தொழில் ஞாயிற்றுக்கிழமைகளில். சலவை வேட்டி, அதே குல்லா, கையில் குடை. கந்தப்பளையிலிருந்து அட்டன் வரை எந்தத் தோட்டத்தில் எந்த வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். ஆண்டியப்பன் பொய் சொல்ல மாட்டார், சிலதைச் சொல்லாமல் விடுவார். யார் வந்து பேச்சை எடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஆளுங்கதானா?" பையனின் வேலை, பெண்ணின் படிப்பு, நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தட்டுல ஒரே ஆளுங்களச் சேத்தா ஒண்ணும் நடக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று மனைவி லெட்சுமி ஒருநாள் கேட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், சேலை நனையாமலிருக்கக் கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்ட கேள்வி.

"கிருமியும் மனுசனும் ஒண்ணா? கிருமிக்குச் சொந்தபந்தம் இருக்கா? நாளைக்கு மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு அதுக்குக் கவல இருக்கா?"

"அதுக்கு மூஞ்சியே இல்லையே" என்று சொல்லிவிட்டு லெட்சுமி கொழுந்து எடுக்கப் போய்விட்டாள்.

இப்படி ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவரின் வீட்டில், மகள் தனுஜா தன் பொருத்தத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். நுவரெலியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிற பெண். ஆண்டியப்பனின் குல்லா அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அவளைத் தினமும் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்ட த்ரீவீல்காரப் பையன்தான் வினோஜன். குடிப்பழக்கம் இல்லை, பெரியவர்களைக் கண்டால் இறங்கி நின்று பேசுகிறவன். ஆண்டியப்பனின் முதல் கேள்வியில் மட்டும் தோற்றுப் போனான். அவர்கள் நம்ம ஆளுங்க இல்லை.

ஆண்டியப்பன் சத்தம் போடவில்லை. அவருக்கு வழிகள் தெரியும். வட்டகொடை ஸ்டேசன் பக்கத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசி, ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். அதுவரை தனுஜாவைப் பொகவந்தலாவையில் இருக்கும் தன் தங்கை வேலாயி வீட்டில் கொண்டுபோய் விட்டார். கேட்டவர்களிடம், அத்தைக்கு உடம்புக்கு முடியவில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்றார். மகளின் போனை வாங்கி அணைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மகளை எதற்காக அங்கே விட்டார் என்று தங்கையிடமும் சொல்லவில்லை. சிலதைச் சொல்லாமல் விடுவது அவருக்குப் பழக்கம்தானே. பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று ஆகிவிடக் கூடாது என்று, வாரா வாரம் பாத்தியிலிருந்து கிழங்கும் கரட்டும் தோண்டி ஒரு மூட்டை கட்டி, கந்தப்பளைக் கடையில் வைத்துவிடுவார். பொகவந்தலாவைக்குப் போகிற மரக்கறி லொறியில் அது போய்ச் சேரும்.

மகள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது அவள் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி அடுக்கில் திருப்பி வைப்பார். ஆனாலும் மனசு கெட்டிதான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஆடி பிறந்தது. ஹம்சினி பல்கலைக்கழகத்தில் ஏதோ கூட்டம் என்று இரண்டு வாரம் ஊரில் இல்லை. போகுமுன் தட்டுகளில் துண்டுகளை வைத்தாகிவிட்டது. இரண்டு வகையும் நடுவை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன. ஆண்டியப்பனின் வேலை, பெட்டியின் குளிர் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

ஆனால் நாட்காட்டியைப் பார்க்கிற மனுசனுக்கு ஆடி என்றால் ஆடிதான். லயத்தில் அந்த வருடம் கல்யாணமான பெண்ணைத் தாய்வீட்டிலிருந்து வந்து ஆடிக்கு அழைத்துப் போனார்கள். அவர் செய்து வைத்த கல்யாணம். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தவருக்கு, பெட்டியைத் திறந்ததும் திக்கென்றது. உள்ளே அத்தனை தட்டுகளிலும் புது ஜோடிகள், இன்னும் நாலைந்து நாளில் தொட்டுக்கொள்ளும் தூரத்தில். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. அதிலும் இது மிஸ்ஸின் பட்டம் சம்பந்தப்பட்ட கல்யாணம். சேர்த்து வைத்த கைக்கு ஒரு பொறுப்பு இல்லையா?

கையைக் கழுவினார். அலுமாரியில், வடிகட்டுவதற்கு வைத்திருக்கும் மெல்லிய வெள்ளைத் தாள் ஒரு கட்டு இருந்தது. கிருமி நுழைய முடியாத தாள் என்று ஹம்சினி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அதைப் பட்டையாக வெட்டி, பிளேடை நெருப்பில் காட்டி, ஒவ்வொரு தட்டிலும் நடுவே அடி வரை கீறி, தாளைச் சுவராக நிறுத்தினார். ஆடி முடிந்ததும் உருவிவிட்டால் போயிற்று. நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

ஹம்சினி திரும்பி வந்து பெட்டியைத் திறந்த அன்று வெளியே ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே இது?"

"ஆடிக்குப் பிரிச்சு வச்சிருக்கேன் மிஸ். முடிஞ்சதும் எடுத்துரலாம்."

ஹம்சினி திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆண்டியப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும். "இதெல்லாம் போச்சுண்ணே. எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும். எனக்குக் குடுத்த தவணை அடுத்த மாசத்தோட முடியுது" என்றார், அழுகிற குரலில்.

ஊரில் எத்தனையோ சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன, ஆண்டியப்பனால் முறிந்தது என்று ஒன்று இதுவரை இல்லை. ஹம்சினி தூக்கிப் போடுமுன் ஒன்றைப் பார்ப்போம் என்கிற மாதிரி, ஒரு தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு நகர்ந்து, "வந்து பாருங்க" என்றார்.

வெள்ளைச் சுவருக்கு இந்தப் பக்கம் தேன் நிறத்தில் உருண்டைகள். தட்டைத் தள்ளிப் பார்த்தார். அந்தப் பக்கமும் உருண்டைகள்.

"தொடவே இல்லையே மிஸ்."

"தொட வேண்டியதில்ல. தாள்ல இருக்கிற ஓட்டையில இழை நொழையாது. ஆனா ஒண்ணு விடுற சாமான் தண்ணியோட தண்ணியா அந்தப் பக்கம் போயிரும். அது வந்த ஒடனே இந்தப் பக்கம் தூங்கிட்டிருந்த ஜீன் எல்லாம் எந்திரிச்சிரும். இது வெளிநாட்டுல பாத்ததுதான். நம்ம ஊர்க் கிருமியிலயும் அப்படியான்னு பாக்கத்தான் அந்தத் தாள வாங்கி வச்சிருந்தேன். இந்த வேல முடிஞ்சப்புறம், கணக்கா செய்யலாம்னு."

"அப்ப சேர விடாமத் தடுத்தும் புள்ள வந்திருச்சா? எப்படி?"

"தடுத்து வச்சாலும் சேதி வந்திருச்சில்ல. இனி அதுக்கு யாரும் வேணாம். அது அது தனியாவே ஆக வேண்டியத ஆக்கிக்கும்."

"தனியாவேவா? செஞ்சு வைக்க ஆளில்லாம?"

"ஆள் எதுக்குண்ணே?" என்றார் ஹம்சினி, சிறு குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டே. போனது போகட்டும், சுவரின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் பிரீசரில் வைத்துக்கொள்கிறேன், இன்றைக்கே பட்டாணியை ஊற வையுங்கள் என்றார்.

ஆடியிலேயே மறுபடியும் கல்யாணம். ஆண்டியப்பன் மறு பேச்சுப் பேசாமல் பட்டாணியை ஊற வைத்தார். அவர் காதில் விழுந்தது ஹம்சினியின் கடைசிக் கேள்வி மட்டும்தான்.

அன்று மாலை பாத்திக்கு மருந்தடிக்க மறந்துபோனார். லெட்சுமி படங்கை உதறிக் கொடியில் போடும் வரை காத்திருந்து, பொகவந்தலாவையிலிருந்து ஏதாவது சேதி உண்டா என்று, வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஒங்க கெழங்கு மூட்டைய வாரா வாரம் யாரு கொண்டு போய்க் குடுக்கிறான்னு நெனைக்கிறீங்க?" என்றாள் லெட்சுமி.

"லொறிக்காரன்."

"எந்த லொறிக்காரன்? ஆடி பொறந்த அன்னைக்கே அந்தப் பையன் த்ரீவீல அண்ணங்கிட்டக் குடுத்துட்டு மரக்கறி லொறிக்கு மாறிட்டான். ஒங்க தங்கச்சி வீட்டு வாசல்ல மூட்டைய எறக்கி வச்சு, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வர்றான். வேலாயிக்கு அவன ரொம்பப் புடிச்சுப் போச்சு. அண்ணன் நல்ல மாப்பிள்ளையாப் பாத்து, பழகட்டும்னுதான் மூட்டையக் குடுத்து அனுப்புறாருன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு."

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தவர் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் ஆண்டியப்பன் ஒத்துக்கொண்டிருப்பார்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க பூட்டி வச்சது அவ போன. என் போன் என் கையிலதானே இருக்கு."

"பதிவு கிதிவுன்னு எதுவும்..." என்று ஆண்டியப்பன் தொடங்கி நிறுத்தினார்.

"அவன் கேட்டிருக்கான். நாம ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம்னு. அப்பா இல்லாம வேணாம்னு இவ சொல்லிட்டா." லெட்சுமி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. ஆவணியில வட்டகொடைக்காரங்க வந்து வாசல்ல நின்னா, அப்படிச் சொல்ல மாட்டா."

மகள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வரவில்லை. அப்பா இல்லாமல் வேண்டாம் என்று சொன்னாளாமே என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கூடவே ஒரு தொழில் பயமும் வந்தது. கந்தப்பளை முதல் அட்டன் வரை கல்யாணம் செய்து வைத்தவனின் வீட்டுக் கல்யாணம், அவன் இல்லாமல் நடப்பதா?

சனிக்கிழமை காலை வழக்கம்போல மூட்டை கட்டி, கந்தப்பளைக் கடைக்குத் தூக்கிப் போனார். வழக்கமாக வைத்துவிட்டு வந்துவிடுவார். அன்று லொறி வரும் வரை நின்றார். வினோஜன் இறங்கியதும் அவரைக் கண்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகக் கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றான். ஆண்டியப்பன் அவனைப் பார்க்கவில்லை. கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பதன் ஜோடி. ராகு காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

கடை வாசல் குழாயடிக்குப் போய், முழங்கை வரை கையைக் கழுவினார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆண்டியப்பன், வட்டகொடைக்காரங்க எப்ப வர்றாங்க?" என்று கடைக்காரர் உள்ளிருந்து கேட்டார்.

"அது தோதுப்படலங்க."

"ஏன், நம்ம ஆளுங்கதானே?"

லொறி உறுமிக்கொண்டு நின்றது. "மூட்டைய ஏத்தட்டுங்களா?" என்று வினோஜன் மெதுவாகக் கேட்டான்.

"இரு, கை காயல."

காய்ந்ததும் மூட்டையின் முன்னால் குந்தி, கட்டிய கயிற்றை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து தனுஜாவின் போனை எடுத்தார். தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி, கிழங்கு பட்டு உடையாதபடி போனை அதற்குள் வைத்துச் சுற்றி, மூட்டையின் நடுவே வைத்து, மறுபடியும் இறுக்கிக் கட்டினார். பிறகு அந்த ஆடிக் குளிரில் வெறுந்தலையோடு எழுந்து, மூட்டையைத் தானே தூக்கி வினோஜனின் கைகளில் கொடுத்தார்.